எரியுமா, எரியாதா?

லாரிகளின் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. போன மாதம் மகன் குடும்பத்தோடு காரில் செங்கல்பட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, சுங்கச்சாவடியில் எங்களுக்கு முன்னால் இரண்டு டேங்கர் லாரிகள் நின்றன. ஒன்றின் பின்னால் சிவப்பு எழுத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தது. பக்கத்து வரிசையில் நின்றதில் ‘ஹைலி ஃப்ளேமபிள்’ என்று இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பேத்தி, ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், "தாத்தா, அந்த லாரியில பெட்ரோல், இந்த லாரியில தண்ணியா?" என்று கேட்டாள்.

மகனும் மருமகளும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகவே அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு லாரியிலும் இருந்தது பெட்ரோல்தான். இன்ஃப்ளேமபிள் என்றாலும் ஃப்ளேமபிள் என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே பொருள். ஆனால் குழந்தை கேட்டதில் தப்பே இல்லை. கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தப்பு. கம்ப்ளீட் என்றால் முழுமை, இன்கம்ப்ளீட் என்றால் அரைகுறை. ‘இன்’ முன்னால் வந்தால் எதிர்ப்பதம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கணக்குப்படி ஃப்ளேமபிள் எரியும், இன்ஃப்ளேமபிள் எரியாது. கணக்கு சரி, விடைதான் தப்பு.

குழப்பத்தின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. லத்தீனில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ‘இன்’கள் உண்டு. ஒன்று ‘இல்லை’ என்பதைக் காட்டும். நாம் புழங்கும் வடசொற்களில் நீதி, அநீதி என்றும் நியாயம், அநியாயம் என்றும் சொல்கிறோமே, அந்த முன்னொட்டுக்கு இது உறவுக்காரன். மற்றொரு ‘இன்’ உள்ளே, மேலே என்ற பொருளைத் தரும். இது ஆங்கிலத்தில் வீட்டுக்குள், பெட்டிக்குள் என்று சொல்ல வரும் ‘இன்’னுக்கு உறவு. ஃப்ளாமா என்றால் தழல். இரண்டாவது ‘இன்’ அதோடு சேர்ந்து இன்ஃப்ளமாரே ஆயிற்று, அதாவது தீ மூட்டுதல். அதிலிருந்து வந்த இன்ஃப்ளேமபிள், 1600-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. தீ மூட்டத்தக்கது என்பதே அதன் நேர்ப்பொருள். அதில் ‘இல்லை’ என்ற பேச்சுக்கே இடம் கிடையாது.

இதே குடும்பத்தில் வேறொரு சொல் நமக்கெல்லாம் பழக்கமானது. மூட்டு வலிக்கு டாக்டரிடம் போனால் இன்ஃப்ளமேஷன் என்கிறாரே, அதுதான். அதைக் கேட்டு, "அப்பாடா, எரிச்சல் இல்லையாம்" என்று யாரும் எழுந்து வருவதில்லை. தமிழில் அதற்கு அழற்சி என்று சொல் வைத்தவர்களும் அழல் என்ற தீயைத்தான் உள்ளே வைத்தார்கள். லத்தீனில் தழல், தமிழில் அழல். வீங்கிச் சிவந்து காந்துகிற இடத்தைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனுக்கும் நெருப்புதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

ஆங்கிலத்தில் இப்படி எதிரெதிராகத் தோன்றி ஒரே பொருள் தரும் ஜோடிகள் இன்னும் சில உண்டு. ஹேபிடபிள் என்றாலும் குடியிருக்கத் தக்கது, இன்ஹேபிடபிள் என்றாலும் குடியிருக்கத் தக்கதுதான். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது சொல்லுக்குக் குடியிருக்கவே முடியாதது என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றும் அதுதான் பொருள். பிரெஞ்சு தெரிந்தவர் ஆங்கிலத்தில் ஒரு வீட்டு விளம்பரம் படித்தால் மிரண்டு போவார். நூலைப் பிரிப்பதற்கு ராவல் என்றும் சொல்லலாம், அன்ராவல் என்றும் சொல்லலாம். தளர்த்துவதற்கு லூசன், அன்லூசன் இரண்டும் உண்டு. மீனில் முள் எடுப்பதற்கு போன் என்றாலும் சரி, டிபோன் என்றாலும் சரி. விண்ணப்பத்தை ஃபில் இன் செய்தாலும் ஃபில் அவுட் செய்தாலும் குமாஸ்தா வாங்கிக்கொள்வார்.

வேல்யுபிள், இன்வேல்யுபிள் என்ற ஜோடி கொஞ்சம் வேறு மாதிரி. முதலாவது மதிப்புள்ளது. இரண்டாவது மதிப்பில்லாதது என்று தோன்றும், ஆனால் மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று பொருள். இங்கே ‘இன்’ உண்மையாகவே ‘இல்லை’தான். இதற்காக ஆங்கிலத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது. மதிப்பற்றவன் என்று ஒருவனைச் சொன்னால் சண்டைக்கு வருவான். விலைமதிப்பற்ற மனிதர் என்று மேடையில் சொன்னால் பொன்னாடையோடு உட்கார்ந்து கைகூப்புவார். 2011-க்குப் பிறகு நம் மாநிலத்தில் இலவசம் என்பதற்குப் பதிலாக ‘விலையில்லா’ மிக்சி, ‘விலையில்லா’ மடிக்கணினி என்று எழுதினார்கள். வெளியூர்த் தமிழர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, விலைமதிக்க முடியாத மிக்சியா என்று கேட்டதாக அப்போது ஒரு நகைச்சுவை உலாவியது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. நூல் பிரிந்தால் என்ன, சிக்கினால் என்ன? தீ விஷயம் அப்படியில்லை.

1977-ல் நான் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஹெல்ப்பராக ஒரு பையன் இருந்தான். பதினெட்டு வயது இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எப்படியாவது பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட வேண்டும் என்று ஆசை. ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்டோர்ஸ் மேஜையில் உட்கார வைத்து அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன். ‘அன்’ வந்தால் இல்லை, ‘இன்’ வந்தால் இல்லை, ‘டிஸ்’ வந்தால் இல்லை என்று எதிர்ப்பதங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்திருந்தேன். சொன்னதைக் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்வான். கண்ணில் படும் அட்டைப்பெட்டி, மூட்டை, சாக்கு எல்லாவற்றிலும் உள்ள ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போவான்.

பெயின்ட் அடிக்கும் இடத்தில் தின்னர் தீர்ந்துபோன இருநூறு லிட்டர் டிரம்களைக் குறுக்கே வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஒரு நாள் மத்தியானம் வெல்டர் கேஸ் கட்டிங்குக்குத் தயாராக நின்றார். டிரம்மைப் பிடித்துக்கொள்ள இந்தப் பையன். டிரம்மின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஏதோ இருந்தது.

"டேய், இங்கிலீஷ் படிக்கிறியே, இதுல என்ன போட்டிருக்கு?"

"இன்ஃப்ளேமபிள்ணே. ஃப்ளேம்னா தீ. இன் போட்டா இல்லைன்னு அர்த்தம். தீப்பிடிக்காதுண்ணே."

எப்படியும் காலி டிரம்தானே என்று வெல்டர் நெருப்பைக் கிட்டே கொண்டுபோனார். நான் ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் பாய்லர்தான் போய்விட்டது என்று நினைத்து ஓடினேன். டிரம்மின் மேல்தட்டு பிய்த்துக்கொண்டு போய் ஷெட் கூரையைத் துளைத்திருந்தது. வெல்டருக்கு முகத்திலும் கழுத்திலும் காயம். பையனுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. வலது காது அன்றோடு போயிற்று. உயிர் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவன் கோபப்படவில்லை, அழவுமில்லை. நிஜமாகவே புரியாதவனாக ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சார், இன் வந்தா இல்லைன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

விசாரணை நடந்தது. காலி டிரம்மைக் கழுவாமல் வெட்டியது தொழிலாளர்களின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நானும் ஒருவன். டிரம்மில் எழுதியிருந்த சொல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பற்றியும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம்.

பிறகுதான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். அகராதி, நூலகம், ஓய்வு பெற்ற பிறகு இணையம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்த கதை இது.

ஃப்ளேமபிள் என்ற சொல் இன்ஃப்ளேமபிளை விட இருநூறு வருஷம் இளையது. 1813-ல் ஒரு லத்தீன் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், லத்தீனில் ‘இன்’ இல்லாமலே இருந்த ஃப்ளமாரே என்ற வினைச்சொல்லை வைத்து அதை உண்டாக்கினார். அதன் பிறகு நூறு வருஷம் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1896-ல் தொடங்கப்பட்ட அமைப்பு, அந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்தது. இன்ஃப்ளேமபிள் என்று எழுதாதீர்கள், ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. சொல் அழகைப் பற்றிக் கவலைப்படுகிற இலக்கண ஆசிரியர்கள் செய்த மாற்றம் அல்ல இது. ‘இன்’ என்பதை ‘இல்லை’ என்று படித்துவிட்டு யாராவது பக்கத்தில் தீக்குச்சி கிழித்துவிடக் கூடாதே என்று தீயோடு மல்லுக்கட்டுகிறவர்கள் செய்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதில் அக்கறை இருந்தது. எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.

அந்தக் காலத்துக் காப்பீட்டு ஆட்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று பெயர். 1918-ல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு, 1919-ல் ஹார்ட்ஃபோர்ட் தீ காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். தொழிற்சாலைகளுக்குப் போய் எங்கே தீப்பிடிக்கலாம் என்று பார்ப்பது அவர் வேலை. மிச்ச நேரத்தில் மொழி ஆராய்ச்சி. அமெரிக்கப் பழங்குடியினரின் ஹோப்பி மொழியைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். 1941-ல் 44 வயதில் இறந்துபோனார்.

அவர் 1939-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், தான் பார்த்த தீ விபத்துகளுக்குப் பின்னால் சொற்கள் இருந்ததைச் சொல்கிறார். பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் இருக்கும் இடத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். காலி டிரம்கள் இருக்கும் இடத்தில் புகை பிடிக்கிறார்கள், துண்டை எறிகிறார்கள். காலி என்ற சொல் அவர்களுடைய பயத்தையும் காலி செய்துவிடுகிறது. உண்மையில் காலி டிரம்தான் அதிக ஆபத்து. இன்னொரு தொழிற்சாலையில் காய்ச்சி வடிக்கும் கலன்களுக்கு மேல் சுண்ணாம்புக்கல்லால் ஆன பூச்சு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கல் எப்படி எரியும் என்று யாரும் அதைத் தீயிலிருந்து மறைத்து வைக்கவில்லை. கலனிலிருந்து வந்த அமில ஆவி பட்டுப் பட்டு அந்தக் கல் வேறு பொருளாக மாறி, சூடு பட்டதும் எரிகிற ஆவியை விட்டது. கல் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

இதை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஷெட்டில் நடந்ததை ஹார்ட்ஃபோர்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார். எங்கள் விஷயத்தில் இரண்டு சொற்கள் கூட்டுச் சேர்ந்திருந்தன. ஒன்று காலி. மற்றது இன்ஃப்ளேமபிள்.

காலி டிரம் ஏன் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலோ தின்னரோ திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி மிகக் குறைவாக இருந்தாலும் பற்றாது, மிக அதிகமாக இருந்தாலும் பற்றாது. பெட்ரோலுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரைக்கும் இருந்தால் வெடிக்கும். நிரம்பிய டிரம்மில் காற்றுக்கு இடமே இல்லை. காலி டிரம்மின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்ளர் திரவம், உள்ளே இருக்கும் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கும்.

இனி சட்டத்தின் கதை. 1940-களில் அமெரிக்காவில், பஞ்சு போல மேற்பரப்பு சிலுப்பிய ரேயான் துணியில் தைத்த குழந்தைகளின் கௌபாய் உடுப்புகளும் ஸ்வெட்டர்களும் ஒரு பொறி பட்டாலே குப்பென்று எரிந்தன. குழந்தைகள் இறந்தார்கள். அதன் விளைவாக 1953-ல் அங்கே வந்த சட்டத்தின் பெயர் ஃப்ளேமபிள் ஃபேப்ரிக்ஸ் ஆக்ட். புதிய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 1952-ல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயர் இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட். அசிட்டோன், கால்சியம் கார்பைடு, எத்தில் ஆல்கஹால், மெத்தில் ஆல்கஹால் போன்றவற்றுக்கும் 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டத்தின் கட்டுப்பாடுகளைப் பொருத்துவதற்காக வந்த சட்டம் அது. பிரிட்டனில் 1959-ல் அவர்களுடைய தர நிர்ணய நிறுவனமும் குழப்பத்தைத் தவிர்க்க ஃப்ளேமபிள் என்றே எழுதும்படி சொல்லிவிட்டது. ஆங்கிலத்தை நமக்குக் கொடுத்தவர்கள் பழைய சொல்லைக் கைவிட்டார்கள். நாம் லாரியில் எழுதி வைத்துக்கொண்டோம்.

நம் 1952 சட்டத்தின் பட்டியலில் சினிமா ஃபிலிமும் இருக்கிறது, அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அது எரியும். பழைய தியேட்டர்களில் ஆபரேட்டர் அறைக்கு அத்தனை கனமான சுவரும், படம் வெளியே வரும் ஓட்டைக்கு இரும்புத் தகடும் ஏன் வைத்தார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்குப் புரியும். தீயில் போகாதவை பெட்டிக்குள்ளேயே மக்கிப் பொடியாயின. நம் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த எளிதில் தீப்பற்றாத ஃபிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சடித்தார்கள். யாராலும் தப்பாகப் படிக்க முடியாத சொல்.

கடைசியில் உலகம் சொற்களையே நம்பாமல் படத்துக்கு வந்துவிட்டது. 2003-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட ஒரே சீரான முறைப்படி, வெள்ளைப் பின்னணியில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம், நடுவில் கறுப்பு நிறத்தில் தீச்சுடர். டேங்கர் லாரிகளில் எண்ணும் உண்டு. 1203 என்றிருந்தால் பெட்ரோல், 1202 என்றால் டீசல், 1075 என்றால் சமையல் கேஸ். எந்த மொழிக்காரருக்கும் பொது.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவனுக்கு அந்த டிரம்மால் ஆபத்தில்லை. ஆங்கிலமே தெரியாதவன் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் தள்ளி நின்றிருப்பான். ஆசையாகப் படிக்க ஆரம்பித்துப் பாதி வழியில் இருந்தவன்தான் மாட்டிக்கொண்டான். அந்தப் பாதி வழி வரைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்.

விபத்துக்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. யாரையும் கேட்காமல், ஸ்டோர்ஸுக்கு வரும் ஒவ்வொரு டிரம்மிலும் சிவப்புப் பெயின்ட்டால் ‘தீப்பிடிக்கும். காலியானாலும் வெடிக்கும்’ என்று தமிழில் எழுத ஆரம்பித்தேன். மேலதிகாரி ஒரு நாள் பார்த்துவிட்டு, பெயின்ட் கணக்கில் வருமா என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து விலகும் வரைக்கும் எழுதினேன்.

அந்தப் பையன் இரண்டாவது தடவையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். இப்போது அவனும் தாத்தா. ஏழெட்டு வருஷம் முன்னால் மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தான். வலது காது கேட்காததால் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அன்று விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டதையும் வாய் திறக்காததையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க டிரம்மில எழுதினதும் தெரியும்" என்றான்.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பேத்திக்கு இதையெல்லாம் சொன்னேன். ஊர் வந்து சேரும் வரைக்கும் 1203, 1202 என்று லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். உங்கள் வீட்டுப் பரணிலும் பெயின்ட் தின்னர், கொசு மருந்து ஸ்ப்ரே, நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்று ஏதாவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். தீச்சுடர் படம் போட்டிருந்தால் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். முன்னால் ‘இன்’ இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். பாத்திரம் காலியாக இருந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.